அமுக்கி வைத்த ஆல்பம்

பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டியைக் கடந்தால் மண்கும்பான். மணலும் பனையுமாய்க் கிடக்கும் அந்த ஊரில்தான் என் உம்மும்மா பிறந்தார். மணமுடித்து யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குப் போனவர், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான்கு பிள்ளைகளோடும் ஒரு துணிப்பையோடும் புத்தளம் வந்து சேர்ந்தார். பிறந்த வீட்டின் படங்கள் இருந்த ஒரே ஆல்பம், கொழும்பில் மாமி வீட்டில் இருந்ததால் தப்பியது. பிறகு அதையும் கறையான் அரித்தது. நல்லவேளை, அதற்கு முன்பே நானா ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து பழைய மடிக்கணினியில் சேமித்திருந்தார்.

போன விடுமுறையில் உம்மும்மாவை ஊருக்குக் கூட்டிப் போனோம். பற்றை மூடிய காணியில் வீட்டின் அடையாளமே இல்லை.

"கிணத்தடியில எடுத்த படமொன்று இருக்கு மகள். அதைக் காட்டு, நான் இடம் சொல்லுவன்" என்றார்.

எந்தப் பக்கத்தில் அந்தப் படம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பக்கமும் திறக்க அரை நிமிடம் வரை எடுத்தது. ஏழாவது பக்கத்தில் பற்றரி தீர்ந்துவிட்டது.

"விடு மகள், எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருக்கு" என்றார். அந்தக் கண்களில் ஒன்று மங்கிக்கொண்டு வருகிறது.

திருத்தும் கடையொன்றில், "ஃபோமற் பண்ணினால் வேகம் வந்திடும்" என்றார்கள். ஃபோமற் பண்ணினால் ஆல்பமும் போய்விடும். வாப்பா கணினியைத் திருப்பிக் கொண்டுவந்தார். உயர்தரத்தில் நான் படிப்பது தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என்பதால், "நீயே பாரேன்" என்றார்.

முதலில், இரவல் வாங்கிய வெளி வன்தட்டொன்றில் எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். விடிய விடிய ஓடியது. அதன் பிறகுதான் சோதனை.

ஒரு பக்கத்தை இரண்டாம் முறை திறந்தபோது சட்டென்று வந்தது. சரியாகிவிட்டது என்று துள்ளினேன். கணினியை மூடித் திறந்தால் பழையபடி ஆமை வேகம். முதல் முறை படித்ததை ரேம் நினைவில் வைத்திருந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் கணினியை மறுபடி தொடக்கினேன்.

வன்தட்டு பழுதோ என்று பயந்தேன். ஆனால் வேறு கோப்புறையிலிருந்த பெரிய வீடியோக்கள் ஒழுங்காக ஓடின. ஆல்பத்தைத் திறக்கும்போது மட்டும் வன்தட்டு நூறு வீதம் வேலை செய்தது. வந்த தரவோ மிகச் சொற்பம். செயலி சும்மா இருந்தது. அப்போதுதான் கோப்புகளின் மூலையில் இரண்டு சிறு நீல அம்புகளைக் கண்டேன். கட்டாரிலிருக்கும் நானாவிடம் கேட்டேன். "இடம் காணாமல் அமுக்கி வைத்தேன்" என்றார்.

அமுக்கியதை விரிக்கத்தான் நேரம் போகிறது என்று நினைப்போம். செயலி சும்மா இருந்ததால் அது காரணமல்ல. விண்டோஸின் என்.ரி.எப்.எஸ். முறை கோப்பை 64 கிலோபைட் துண்டுகளாக வெட்டி அமுக்குகிறது. அமுக்கிய துண்டுகள் வன்தட்டில் ஆளுக்கொரு மூலையில் சிதறிப் போகலாம். 600 டி.பி.ஐ.யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்த ஏ4 பக்கம் ஏறத்தாழ 100 மெகாபைட். அதாவது 1,600 துண்டுகள். துண்டுக்குத் துண்டு வாசிப்பு ஊசி தாவ நூறில் ஒரு செக்கன் என்றாலும் 16 செக்கன்!

பிரதியிலிருந்து ஒரு பக்கத்தைச் சாதாரணக் கோப்புறையொன்றில் இட்டு, கணினியை மறுபடி தொடக்கித் திறந்தேன். இரண்டு செக்கன். வன்தட்டு நலம், அல்ஹம்துலில்லாஹ். பழைய படங்கள் சிலவற்றை நீக்கி இடமெடுத்து, ஆல்பம் முழுவதையும் அமுக்காமல் வைத்தேன். கைபேசிப் படங்களையும் நானா அமுக்கியிருந்தார். அவை முன்பே சுருக்கப்பட்டவை என்பதால் அதில் இடம் மிச்சமாகவே இல்லை.

அடுத்த தவணை விடுமுறையில் மறுபடி மண்கும்பான். பக்கங்களை மளமளவென்று தட்டினேன். கிணற்றடிப் படம் வந்ததும் உம்மும்மா கணினியை நல்ல கண்ணருகே பிடித்தார். பிறகு இரட்டைப் பனையைப் பார்த்து நடந்தார். வாப்பா பற்றையை வெட்டினார். கிணற்றுக்கட்டின் கல் தெரிந்தது.

நானா செய்தது பிழையில்லை. அன்று அவருக்கு இடம்தான் தட்டுப்பாடு. ஆனால் அமுக்கி வைப்பவர், திறக்கப் போகிறவரால் எவ்வளவு நேரம் காத்திருக்க முடியும் என்றும் நினைக்க வேண்டும். உம்மும்மாவுக்கு இப்போது வயது எழுபத்தாறு.