பச்சை மனுஷனும் கீரைக்கட்டும்

சிக்னல்ல நடக்குறவங்களுக்கு நேரம் ஒதுக்கறப்போ, ஒரு ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்னுதான் பொதுவா கணக்கு வைப்பாங்க.
அப்படின்னா நம்ம 100 அடி ரோட்டைத் தாண்ட 25 நொடி.
நேரா நடந்தா. முட்டிவலி இல்லாம நடந்தா.

இன்னிக்கு பச்சை மனுஷன் எரியுறான். வெள்ளைக் கோடு முழுக்க பைக்.
ஒரு பாட்டி, கையில கீரைக்கட்டு, ரெண்டு ஹேண்டில்பாருக்கு நடுவுல சந்து தேடுறாங்க.
கீரை ஒரு கண்ணாடியில மாட்டிக்கிச்சு. அதை எடுக்கவே அஞ்சு நொடி போச்சு.

சிங்கப்பூர்ல 2009லேர்ந்து 'கிரீன் மேன் பிளஸ்'னு ஒண்ணு இருக்கு. வயசானவங்க கம்பத்துல கார்டைத் தட்டினா, பச்சை 3லேர்ந்து 13 நொடி வரைக்கும் கூடுதலா எரியும்.

இங்க தட்டணும்னா பைக்காரர் தோளைத்தான் தட்டணும்.
தட்டினேன்.
"சார், கொஞ்சம் பின்னாடி..."
"நிக்கிறேன்ல சார்? அதுவே பெருசு."

நம்ம சமூகப் போராட்டம் அத்தோட முடிஞ்சுது. 😄
(அவர் சொன்னதும் நியாயம்தான். பக்கத்துல ஒரு ஆட்டோ நிக்கவே இல்ல.)

சரி, வண்டி ஓட்டுறவங்க சொல்லுங்க.
பின்னாடி ஒருத்தன் விடாம ஹாரன் அடிக்கும்போதும் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிப்பீங்களா?