மூவிலை அஞ்சலட்டை

அமெரிக்க நாட்டின் பழம்பொருள் அங்காடிகளில் பழைய அஞ்சலட்டைகள் அடுக்கிய பெட்டிகளைக் காணலாம். நூறாண்டுக்கு முன்னர் ஒருவர் மற்றொருவர்க்கு எழுதிய அட்டைகள் அவை. எழுதியவரும் இன்றில்லை, பெற்றவரும் இல்லை, அட்டை மட்டும் எஞ்சி நிற்கின்றது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் முதலிய திருநாட்களுக்கென அச்சிட்டவை அவற்றுள் பல. அவற்றினிடையே பச்சை நிறம் மிக்க அட்டைகள் சில தனித்துத் தோன்றும். அவை மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் கொண்டாடப்பெறும் புனித பேட்ரிக் திருநாள் வாழ்த்து அட்டைகள். மூவிலைச் செடி, பொன்னிற யாழ், புல் வேய்ந்த குடில், ஏரிக்கரையில் நிற்கும் இளமங்கை ஆகியவையே பெரும்பாலும் அவற்றிலுள்ள படங்கள். பார்ப்பதற்கு எளியவை, அன்று அவற்றின் விலையும் மிகச் சிறிது. எனினும், ஐரிஷ் மக்கள் அயல்நாட்டில் தம் முகத்தைத் தாமே வரைந்துகொள்ளப் பட்ட பாட்டை அறிய விழைவோர் இவ்வட்டைகளைப் புறக்கணித்தல் இயலாது.

பேட்ரிக் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சமயத் தொண்டர். பிரிட்டனில் பிறந்த அவரைப் பதினாறாம் வயதில் கொள்ளையர் கவர்ந்து சென்று அயர்லாந்தில் அடிமையாக்கினர். ஆறாண்டுகள் மந்தை மேய்த்த பின் அவர் தப்பித் தாயகம் சேர்ந்தார். பிற்காலத்தில் தாமே விரும்பி அயர்லாந்துக்குத் திரும்பிச் சமயப் பணி புரிந்தார். இச்செய்தியை அவரே எழுதி வைத்துள்ளார். மூவிலைச் செடியைக் காட்டிக் கடவுளின் மும்மைத் தன்மையை விளக்கினார் என்பதும், தீவிலிருந்த பாம்புகளையெல்லாம் கடலுக்குள் விரட்டினார் என்பதும் பின்னாளில் எழுந்த கதைகள். தாய்மண்ணிலிருந்து பறித்துச் செல்லப்பட்ட ஒருவர், தாய்மண்ணை விட்டுச் சென்ற மக்களின் காவலராய் விளங்குவது பொருத்தமே அன்றோ?

அம்மக்கள் ஏன் சென்றனர்? 1841ஆம் ஆண்டின் கணக்குப்படி அயர்லாந்துத் தீவில் எண்பது லட்சத்துக்கும் மிகுதியான மக்கள் வாழ்ந்தனர். அவர்களுள் ஏழைகள் உருளைக்கிழங்கையே உணவாக நம்பியிருந்தனர். 1845இல் அச்செடியை ஒரு கொடிய நோய் பற்றியது. வயலில் கிழங்கு அழுகியது. மறு ஆண்டும் அழுகியது. தானியமும் கால்நடையும் அப்போதும் துறைமுகங்களின் வழியே வெளிநாடு சென்றுகொண்டிருந்தன. 1852க்குள் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் பசியாலும் பிணியாலும் மாண்டனர். மேலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறினர். அக்கப்பல்கள் சிலவற்றில் மாண்டோர் தொகை மிகுதியாயிருந்தமையால், அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே மக்கள் அழைத்தனர். அத்தீவின் மக்கள்தொகை அன்றிருந்த அளவை இன்றுவரை எட்டவில்லை.

புறப்படுபவரை வழியனுப்பும் முறையும் உள்ளத்தை உருக்குவது. அயர்லாந்தில் இறந்தவர் உடலருகே இரவு முழுதும் உறவினர் விழித்திருப்பது வழக்கம். அமெரிக்கா செல்லும் மகனுக்கும் மகளுக்கும் அவ்வாறே முதல்நாள் இரவு முழுதும் ஊரார் கூடி விழித்திருந்தனர். ஆடலும் பாடலும் நிகழும். விடியற்காலையில் அழுகுரல் எழும். மீண்டும் காண்போம் என்ற நம்பிக்கை அவர்களிடம் மிகச் சிறிது.

சென்ற இடத்தில் வரவேற்பு இனிதாயில்லை. ஐரிஷ் மக்கள் விண்ணப்பிக்க வேண்டா என்று அச்சிட்ட வேலை விளம்பரங்களும் அங்கு இருந்தன. படம் வரைவோர் அதனினும் கொடியராயினர். ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ என்னும் இதழில் தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிப் படங்களில் ஐரிஷ்காரன் குரங்கு முகத்தோடும், கையில் தடியும் மதுப்புட்டியும் ஏந்தியும் தோன்றினான். நாஸ்ட் ஜெர்மனியில் பிறந்து சிறுவராய் அமெரிக்காவில் குடியேறியவர். நேற்று வந்தவர் இன்று வந்தவரை எள்ளுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம் போலும்!

நாற்பது ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1880இல் நியூயார்க் நகரமும், 1884இல் பாஸ்டன் நகரமும் அயர்லாந்தில் பிறந்தவர்களைத் தம் நகரத் தலைவர்களாகத் தேர்ந்தெடுத்தன. காவல் துறையிலும் தீயணைப்புத் துறையிலும் ஐரிஷ் மக்கள் பெருகினர். அவர்கள் கையில் சிறிது காசும் புழங்கத் தொடங்கிற்று.

அதே காலத்தில்தான் அஞ்சலட்டை பெருவாழ்வு பெற்றது. உலகின் முதல் அஞ்சலட்டையை 1869இல் ஆஸ்திரிய-ஹங்கேரி அரசு வெளியிட்டது. தனியார் அச்சிடும் அட்டைகளையும் ஒரு சென்ட் கட்டணத்தில் அனுப்பலாம் என்று 1898இல் அமெரிக்க அரசு சட்டம் செய்தது. எனினும் முகவரிப் பக்கத்தில் முகவரியன்றி வேறொன்றும் எழுதலாகாது. செய்தி எழுத விரும்பியவர் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதினர். 1907 மார்ச்சு முதல் நாள், அப்பக்கத்தை இரண்டாகப் பிரித்து ஒருபாதியில் செய்தி எழுத இசைவு அளிக்கப்பட்டது. அவ்வாண்டுப் பேட்ரிக் திருநாளுக்கு அப்போது பதினாறு நாட்களே இருந்தன. படம் ஒரு பக்கம் முழுவதையும் தனதாக்கிக் கொண்டது. 1908 ஜூனில் முடிந்த ஓராண்டில் மட்டும் அமெரிக்க அஞ்சல்துறையின் வழியே சென்ற அட்டைகள் 67 கோடிக்கு மேல்; அன்று அந்நாட்டின் மக்கள்தொகையோ ஒன்பது கோடியை எட்டவில்லை.

அட்டைகளுள் சிறந்தவை ஜெர்மனியில் அச்சானவை. பவேரியாவில் கிடைத்த வழவழப்பான சுண்ணக்கல்லில் படத்தை வரைந்து, நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களைக் கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவது கல்லச்சு முறை. ஒரு கல் மயிரிழை விலகினாலும் படம் கெடும். பின்னர் அட்டையை அச்சில் வைத்து அழுத்தி மூவிலையையும் யாழையும் புடைத்து எழும்படி செய்தனர். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினும் இலையின் விளிம்பு புலனாகும். கூலி வேலை செய்தவரும் வாங்கக்கூடிய பொருளில் இத்தகைய வேலைப்பாடு அமைந்தது அக்காலத்தின் வியப்புகளுள் ஒன்று.

படம் வரைந்தோருள் புகழ்பெற்றவர் எல்லன் கிளாப்சாடில் (1865–1934) என்னும் அம்மையார். நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அவர் பல்வேறு திருநாட்களுக்கென வரைந்த அட்டைகள் ஆயிரக்கணக்கானவை. அவர் வரைந்தவை பெரும்பாலும் குழந்தைகளின் படங்களே. நாஸ்ட் வரைந்த குரங்கு முகத்துக்கு அடுத்து, பச்சைச் சட்டை அணிந்து மூவிலைக் கொத்தை நீட்டும் இச்சிறுவனை வைத்துப் பார்த்தால், ஒரு தலைமுறையில் நேர்ந்த மாற்றம் விளங்கும். அமெரிக்கரின் உள்ளம் கனிந்தது என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. ஐரிஷ் மக்கள் இப்போது அட்டை வாங்குவோர் ஆயினர். காசு கொடுப்பவர் முகத்தில் வணிகர் கரி பூசுவாரோ?

எனினும் கரி பூசிய அட்டைகளும் ஓயவில்லை. சிவந்த மூக்கும் உடைந்த தொப்பியுமாய்க் குடித்துத் தள்ளாடுபவனையும், பன்றியோடு கூத்தாடுபவனையும் வரைந்து விற்றனர். 1836இல் நியூயார்க்கில் தோன்றிய ‘ஹைபர்னியர் தொன்மைச் சங்கம்’ என்னும் அமைப்பு, நாடக மேடையிலும் அச்சிலும் தம்மவரை இழிவுபடுத்துவதைக் கடுமையாக எதிர்த்தது. இத்தகைய அட்டைகளும் அக்கண்டனத்திற்குத் தப்பவில்லை. பன்றியைப் பற்றி இங்கு ஒன்று கூறுதல் தகும். அயர்லாந்தின் ஏழைக் குடியானவன் பன்றியை வளர்த்தது தான் உண்பதற்கன்று. அதனை விற்று நிலக்கிழாருக்குக் குத்தகைப் பணம் கட்டுவதற்கு. ஆதலின் குத்தகை கட்டும் கனவான் என்று அதனை வேடிக்கையாக அழைத்தனர். பன்றியை விற்க இயலாதவன் குடிசையை இழந்தான். அட்டையைப் பார்த்து நகைத்தவர் இதனை அறியார்.

இழித்து வரைந்த படம் பொய் எனின், இனிமையாய் வரைந்த படம் முழு மெய்யோ? அதுவும் அன்று. கில்லார்னி ஏரியும் பிளார்னிக் கோட்டையும் அட்டைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவை சுற்றுலா செல்வோர் காணும் இடங்கள். மேற்குக் கரையின் கற்பாங்கான நிலத்திலிருந்து கப்பலேறிய உழவருள் பலர் அவற்றைக் கண்டிலர். முழங்கால் வரையுள்ள காற்சட்டையும் உயர்ந்த தொப்பியும் அவர்தம் பாட்டனார் காலத்து உடை. பஞ்சத்தையோ, அழுகிய கிழங்கையோ, சவப்பெட்டிக் கப்பலையோ இவ்வட்டைகளில் தேடுவது வீண். திருநாள் வாழ்த்தில் அதனை எதிர்பார்ப்பது முறையன்று என்பர் சிலர், அதுவும் ஒப்பத்தக்கதே. மறக்க விரும்பியவர்க்கு அழகிய படமொன்று வேண்டியிருந்தது.

மொழியின் நிலை இதனினும் வருந்தத்தக்கது. பஞ்சத்தில் மாண்டவருள்ளும் நாடு விட்டுச் சென்றவருள்ளும் ஐரிஷ் மொழி பேசியோர் மிகப் பலர். அவர்தம் பேரர்கள் வாங்கிய அட்டைகளிலோ வாழ்த்தனைத்தும் ஆங்கிலம். ‘எரின் கோ பிரா’ என்னும் ஒரு தொடர் மட்டும் பொன்னெழுத்தில் மின்னும். அயர்லாந்து என்றென்றும் வாழ்க என்பது அதன் கருத்து. அத்தொடரும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் உருமாறியே நிற்கின்றது. ஒரு மொழியிலிருந்து மூன்று சொற்களே கடல் கடந்து தங்கின.

இவ்வட்டைகளை எழுதியும் பெற்றும் மகிழ்ந்தோருள் பணிப்பெண்களை மறத்தலாகாது. 1892 ஜனவரி முதல் நாள் எல்லிஸ் தீவில் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது, முதலில் பதிவு பெற்றவர் கார்க் நகரிலிருந்து வந்த ஆனி மூர் என்னும் இளம்பெண். மணமாகாத பெண்கள் தனியே புறப்பட்டு வருவது ஐரிஷ் மக்களிடையே மிகுதி. 1900ஆம் ஆண்டளவில், அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் உழைத்த பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பிறர் இல்லங்களில் வேலை செய்தனர். நெடிய கடிதம் எழுத அவர்களுக்கு நேரமேது? ஓர் அட்டையில் நான்கு வரி எழுதி, ஒரு சென்ட் தலை ஒட்டினால் வேறு நகரிலுள்ள தங்கையின் கையில் அயர்லாந்தின் பச்சை சென்று சேர்ந்துவிடும். தாயகம் இருவருக்கும் தொலைவாயிற்று. அட்டை அதனைச் சிறிது அருகில் கொணர்ந்தது.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ஜெர்மனியிலிருந்து அட்டைகள் வருவது நின்றது. அமெரிக்காவில் அச்சானவை அவ்வளவு நேர்த்தியாயில்லை. உறைக்குள் இட்டு அனுப்பும் மடிப்பு வாழ்த்துகளும் பெருகின. 1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி தன்னாட்சி பெற்றபோது அங்கு மூவண்ணக் கொடி பறந்தது. போருக்கு முந்திய அட்டைகளிலோ பச்சைப் பரப்பில் பொன் யாழ் பொறித்த பழைய கொடியே காணப்படுகின்றது. அட்டையின் காலத்தை அறிய அக்கொடியும் உதவும்.

இன்று தம்மை ஐரிஷ் மரபினர் எனக் கூறும் அமெரிக்கர் மூன்று கோடிக்கு மேற்பட்டவர். இவ்வட்டைகளை விரும்பித் தேடுவோர் அவர்களுள்ளும் உளர். எழுத்தே படாத புத்தட்டை போன்ற ஒன்றுக்குப் பெரும்பாலும் விலை கூடுதல்; படம் தூய்மையாய் இருத்தலே அவ்வணிகத்தின் விருப்பம். வேறு சிலர் உளர். அவர்கள் கடைக்காரர் காட்டும் படத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, உடனே பின்புறத்தைத் திருப்பி, மங்கிய பென்சில் எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்கின்றனர்.