மூட்டை யூரியா எங்கே போனது?

மேலுரம் போட்டும் நெற்பயிர் வெளிறியே நின்றது. போலி உரம் என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பினார் அந்த விவசாயி. கடன் வாங்கிப் போட்ட உரமாயிற்றே!

உரத்தில் குறையில்லை. முறைத் தண்ணீர் தாமதமாகி, யூரியா போட்ட வயல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் காற்று புகுந்து, யூரியாவின் தழைச்சத்து நைட்ரேட்டாக மாறியது. வேம்புப் பூச்சு இதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பிறகு தண்ணீர் கட்டியதும் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்தது. பாக்டீரியாவும் மூச்சுவிட வேண்டுமே! ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைப் பிடித்துக்கொண்டது. நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதி வேலையைத் தொடங்க, அடுத்தடுத்த நொதிகள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டன.

45 கிலோ மூட்டையில் தழைச்சத்தே சுமார் 20 கிலோதான். அடுத்த மேலுரத்தை, தண்ணீர் உறுதியான பிறகே போடுவதாக அவர் தள்ளிவைத்திருக்கிறார்.