சிறுதேர்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர். அதற்கும் மிக முன்னதாகப் பட்டினப்பாலையில், கோழியை விரட்ட மகளிர் எறிந்த காதணி, சிறுவர் உருட்டும் மூன்று கால் சிறுதேரின் வழியை மறிக்கிறது. எங்கள் பனமலையில் இராசசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் விமானத்திலோ, சின்னஞ்சிறு கோயில்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பெரியதைச் சிறிதாக்கிப் பார்க்கும் ஆசை நமக்குப் புதிதன்று. ஆகவே, நாற்பதைக் கடந்த தமிழாசிரியன் விடுமுறையில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சரக்கு ரயில் பெட்டிகள் செய்வதைக் கண்டு சிரிக்கும் நண்பர்களுக்கு என்னிடம் இலக்கியச் சான்று உண்டு.

பெட்டித் தொகுப்பில் சுவர், தரை, சக்கரம் எல்லாம் தனித்தனியே வரும். கத்தியால் நறுக்கி, அரத்தால் பிசிறு நீக்கி, கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துச் சட்டகத்தை ஒட்ட வேண்டும். கண்ணாடி ஏனெனில், நான்கு சக்கரங்களும் ஒருசேரத் தளத்தைத் தொட வேண்டும். ஒன்று மயிரிழை உயர்ந்தாலும் வளைவில் தடம் புரளும். எடை போதாத பெட்டியும் அப்படியே. தரைக்கடியில் இரும்பு நட்டுகளை ஒட்டிக் கனமேற்றுவேன்.

இதுவரை எல்லாம் விளையாட்டு. அப்பாவுக்காக ஒரு பிரேக் வேன் செய்யத் தொடங்கியபோதுதான் விளையாட்டு வேறானது. அவர் விழுப்புரம்–காட்பாடி மீட்டர் பாதையில் சரக்கு ரயில் கார்டாக இருந்தவர். 1992இல் தொடங்கிய ஒற்றைப் பாதைத் திட்டம் அந்தத் தடத்தையும் அகலப்பாதையாக்கிவிட்டது. 2022இல் கார்டு என்ற பதவிப்பெயரும் 'டிரெயின் மேனேஜர்' என்று மாறியது. அப்பாவின் கண்ணிலும் இப்போது ஒளி இல்லை.

கடைகளில் எளிதில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் 16.5 மி.மீ. அகலமுடையது. 87இல் ஒரு பங்கு என்னும் அளவில் அது 1435 மி.மீ. பாதையைக் குறிக்கும், நம் அகலப்பாதையோ 1676 மி.மீ., அப்பாவின் பாதையோ 1000 மி.மீ. கணக்குப்படி எனக்கு வேண்டியது 11.5 மி.மீ. பார்வையற்றவருக்கு இந்த வேறுபாடு எதற்கு என்று மனைவி கேட்டாள். விரலால் பார்ப்பவரிடம்தான் அளவில் பொய் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது.

வழி சுவிட்சர்லாந்திலிருந்து கிடைத்தது. அங்கே ரேட்டியன் ரயில்வே இன்றும் மீட்டர் பாதையில் ஓடுகிறது. அதன் மாதிரிகளுக்குரிய தண்டவாளம் 12 மி.மீ. ஏறத்தாழப் பொருந்தியது. அந்தச் சட்டகத்தின்மேல் மெல்லிய தகடுகளை வெட்டி, அப்பா வாய்மொழியாகச் சொன்ன அளவுகளில் வேனை எழுப்பினேன்.

முடிந்ததும் அவர் கையில் கொடுத்தேன். சக்கரங்களுக்கு இடையே சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பின்சுவரை மெல்லத் தடவினார்.

"லைட் மாட்டுற கொக்கி எங்கடா? கடைசி வண்டியில சிவப்பு லைட் இல்லன்னா, ரயில் பாதியில அறுந்துடுச்சுன்னு நினைப்பான்."

எறும்பின் தலையளவுச் செம்புக் கம்பியை இப்போது வளைத்துக்கொண்டிருக்கிறேன்.