கலவியலுக்கு எந்த நூல்?

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளியும் வெளியாகி, பல்கலைக்கழக அனுமதி உறுதியானதும் எங்கள் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "சேர், செல் பயோலொஜிக்கு எந்தப் புத்தகம் வாங்குறது?" என்பது. உடப்புசல்லாவையைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து மருத்துவத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ விவசாயத்துக்கோ போகிறவர்கள் இன்னும் சொற்பம். கலவியலின் பெரிய நூல் ஒன்றின் விலையோ, கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் பல நாள் சம்பளம். ஆகவே உயிரியல் ஆசிரியன் என்ற வகையில் இந்தக் கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்லி வருகிறேன். அந்த யோசனையை இங்கே எழுதி வைக்கிறேன்.

நூலின் பெயரைச் சொல்லுமுன் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். கலத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லும் நூல், அந்தச் செய்தி எப்படித் தெரியவந்தது என்பதையும் சொல்கிறதா? சொன்னால் அது வாங்கத் தகுந்தது. சொல்லாவிட்டால், எவ்வளவு பருமனாக இருந்தாலும் அது குறிப்புக் கொப்பிதான்.

எங்கள் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படிக்கிறார்கள். 2017இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்துக்கு மகரகம தேசிய கல்வி நிறுவகம் தமிழில் வெளியிட்ட வளநூல் அவர்களிடம் இருக்கிறது. பரீட்சைக்கு வேண்டியதை அது சுருக்கமாகத் தருகிறது. இழைமணி, பச்சையவுருமணி, கொல்கி உபகரணம் என்று ஒவ்வொன்றின் அமைப்பையும் தொழிலையும் பாடமாக்கிவிடலாம். பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ முதலாம் ஆண்டு விரிவுரை ஆங்கிலத்தில் தொடங்கும்போது கேள்வியே வேறாகிவிடுகிறது. "கொல்கியின் தொழில் யாது?" என்று கேட்டது போய், "இந்தப் புரதம் கொல்கி வழியாகத்தான் போகிறது என்று எப்படி நிறுவுவாய்?" என்று கேட்கிறார்கள். மொழி மாறுவதைவிட இந்தக் கேள்வி மாறுவதில்தான் பிள்ளைகள் அதிகம் திணறுவதைப் பார்க்கிறேன்.

நூலைச் சோதிக்கவும் அதே கேள்வியைப் பயன்படுத்தலாம். கலத்துக்குள் உண்டாகும் புரதம் வெளியே வரும் பாதையைச் சாதாரண நூல் சில அம்புக்குறிகளால் காட்டி முடித்துவிடும்: இறைபோசோம், அழுத்தமற்ற அகமுதலுருச் சிறுவலை, கொல்கி, முதலுரு மென்சவ்வு. நல்ல நூல் நம்மை ஜோர்ஜ் பலாடேயின் ஆய்வுகூடத்துக்கே அழைத்துப்போகும். 1960களில் அவரும் ஜேம்ஸ் ஜேமிசனும் கினிப்பன்றியின் சதையிக் கலங்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள அமினோ அமிலத்தைச் சில நிமிடங்கள் மட்டும் கொடுத்து, உடனே சாதாரண அமினோ அமிலத்துக்கு மாற்றினார்கள். பிறகு நேரம் குறித்து எடுத்த இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களில் அந்தக் கதிர்த்தடம் முதலில் சிறுவலையிலும், அடுத்துக் கொல்கியிலும், ஏறக்குறைய 2 மணித்தியாலத்தில் சுரப்புச் சிறுமணிகளிலும் தெரிந்தது. அம்புக்குறிகள் வந்த வழி அதுதான். பலாடேக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பரிசோதனையைப் படித்த பிள்ளை அம்புக்குறியின் வரிசையை மறந்தாலும் தானே யோசித்து மறுபடி வரைந்துவிடுவாள்.

இனி நூல்களுக்கு வருவோம். கலத்துக்கென்று விரிவான நூல் எழுதும் வழக்கம் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. எட்மண்ட் வில்சனின் நூல் 1896இல் வந்தது. ஒளி நுணுக்குக்காட்டியில் தெரிந்ததே அப்போது கலம். 1946இல் ஆர்ஜென்டினாவில் எடுவார்டோ டி ரொபர்ட்டிஸும் தோழர்களும் ஸ்பானிய மொழியில் எழுதிய நூல், ஆங்கிலத்தில் பல பதிப்புகள் கண்டு இந்தியக் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. 1983இல் புரூஸ் அல்பேட்ஸ், ஜேம்ஸ் வொட்சன் உள்ளிட்ட ஆறு பேர் சேர்ந்து 'மொலிகியூலர் பயோலொஜி ஒவ் த செல்' நூலை வெளியிட்டார்கள். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கலத்தை எப்படி இயக்குகின்றன என்பதே அந்த நூலின் முதுகெலும்பு. அதன் 7ஆம் பதிப்பு 2022இல் வந்தது. 1986இல் டார்னெல், லோடிஷ், போல்டிமோர் மூவரின் 'மொலிகியூலர் செல் பயோலொஜி', 1996இல் ஜெரால்ட் கார்ப்பின் நூல், 1997இல் ஜெஃப்ரி கூப்பரின் நூல் என்று அடுத்தடுத்து வந்தன. அல்பேட்ஸ் குழுவினரே 1990களின் கடைசியில் தொடக்க மாணவருக்கென்று 'எசென்ஷியல் செல் பயோலொஜி'யைத் தந்தார்கள்.

இவை எல்லாவற்றிலும் பொருள் ஏறக்குறைய ஒன்றே. குணம்தான் வேறு. அல்பேட்ஸின் பெரிய நூல் அகலமானது, எதைத் தேடினாலும் கிடைக்கும். 1300 பக்கங்களைத் தாண்டும் அதை முதற் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கும் பிள்ளை சில வாரங்களில் களைத்துவிடும். லோடிஷின் நூல் பரிசோதனை முறைகளை நன்றாக விளக்குகிறது, ஆனால் இரசாயனம் உறுதியாக இருக்க வேண்டும். கார்ப்பின் நூல் தன் துணைத்தலைப்பிலேயே 'பரிசோதனைகளும்' என்று சொல்லிக்கொள்வது. ஒரு கண்டுபிடிப்பு எந்தெந்தப் படிகளில் வளர்ந்தது என்று தொடர்ச்சியாகக் காட்டும். கூப்பரின் நூல் ஒரு தவணைக்குள் படித்து முடிக்கக்கூடிய அளவு. 'எசென்ஷியல் செல் பயோலொஜி'யில் 'நமக்கு எப்படித் தெரியும்' என்றே தனிப் பக்கங்கள் உண்டு. என் அளவுகோலுக்கு அந்தப் பக்கங்கள் போதும்.

அடுத்த சோதனை எண்கள். ஒரு குளுக்கோசு மூலக்கூறு முழுமையாக ஒட்சியேற்றப்பட்டால் எத்தனை ஏ.டி.பி. கிடைக்கும் என்று நூலில் தேடிப் பாருங்கள். பழைய நூல்கள் 36 அல்லது 38 என்று சொல்லும். இன்றைய நூல்கள் 30 அல்லது 32 என்று சொல்லும். எண்ணை மாற்றியதோடு நிற்கிறதா, காரணம் சொல்கிறதா என்பதே முக்கியம். ஒரு என்.ஏ.டி.எச். கொடுக்கும் இலத்திரன்களால் ஏறக்குறைய 10 புரோத்தன்கள் மென்சவ்வுக்கு அப்பால் தள்ளப்படுகின்றன, ஒரு ஏ.டி.பி.யை ஆக்கி வெளியே அனுப்ப ஏறக்குறைய 4 புரோத்தன்கள் திரும்பி வர வேண்டும். ஆகவே ஒன்றுக்கு 2.5. எஃப்.ஏ.டி.எச்.2 தருவது 1.5. இதைப் புரிந்த பிள்ளை 32ஐத் தானே கூட்டி எடுப்பாள். குழியவுருவில் உண்டான என்.ஏ.டி.எச்.சின் இலத்திரன்கள் எந்த வழியாக இழைமணிக்குள் போகின்றன என்பதைப் பொறுத்து அது 30ஆகக் குறையும் என்பதையும் அவளே சொல்வாள்.

எண்களை நூல்கள் பார்த்து எழுதிக்கொண்டே போவதால் வரும் ஆபத்துக்கு உயிரியலில் ஒரு பெரிய சாட்சி உண்டு. 1923இல் தியோபிலஸ் பெயின்டர் மனிதக் கலத்தில் 48 நிறமூர்த்தங்கள் என்று எழுதினார். 1956இல் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் சுவீடனின் லுண்ட் நகரிலிருந்து 46 என்று தெளிவான படங்களோடு வெளியிடும்வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடநூல்கள் 48 என்றே அச்சிட்டன. கலங்களை ஐதான கரைசலில் வீங்கவைத்து நிறமூர்த்தங்களைப் பிரித்துப் பரப்பும் முறை வந்த பிறகுதான் சரியாக எண்ண முடிந்தது. பற்றீரியாவின் மீசோசோமும் அப்படித்தான். கலங்களை இரசாயனத்தால் பதப்படுத்தியதால் தோன்றிய மடிப்பு அது என்று 1970களிலிருந்து ஆய்வுகள் காட்டின. இன்றும் மீசோசோமை ஒரு புன்னங்கமாகப் படம் போட்டுக் காட்டும் நூலைக் கண்டால் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

மூன்றாவது சோதனை எங்கள் மலைக்கு உரியது. இந்தப் பெரிய நூல்களில் விலங்குக் கலமும் மதுவமும்தான் அதிக இடத்தைப் பிடிக்கின்றன. தேயிலைக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்குத் தாவரக் கலம் வேண்டும். கொழுந்து ஸ்டோருக்குப் போனபின் நடப்பது முழுவதும் கலவியல். தேயிலைக்கு நிறமும் துவர்ப்பும் தரும் கட்டெகின்கள் இலைக் கலத்தின் புன்வெற்றிடத்துக்குள் இருக்கின்றன. அவற்றை ஒட்சியேற்றும் பொலிபீனொல் ஒட்சிடேசு நொதியம் பச்சையவுருமணிகளில் இருக்கிறது. உயிருள்ள இலையில் மென்சவ்வுகள் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கும். வாட்டும்போது மென்சவ்வு தளர்கிறது. ரோலரில் அரைபடும்போது கிழிகிறது. இரண்டும் கலந்து, காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து தியாபிளேவின் முதலான பொருள்கள் உண்டாகி, இலை செம்பு நிறமாகிறது. நுண்ணங்கிகளுக்கு அதில் பெரிய வேலை இல்லை. சூட்டில் உலர்த்தும்போது நொதியம் அழிந்து ஒட்சியேற்றம் நிற்கிறது. பச்சைத் தேயிலைக்கு முதலிலேயே சூடாக்கி அந்த நொதியத்தை நிறுத்திவிடுகிறார்கள். கலம் ஏன் தன் பொருள்களை அறை அறையாகப் பிரித்து வைக்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

ஆகவே நூலை வாங்குமுன் கடைசியில் உள்ள சுட்டியைத் திறந்து புன்வெற்றிடம், கலச்சுவர், முதலுரு இணைப்பு ஆகிய மூன்றையும் ஆங்கிலப் பெயரில் தேடுங்கள். ஓரிரு பக்கங்களே கிடைத்தால், விவசாயத்துக்கும் தாவரவியலுக்கும் போகிறவர்கள் பக்கத்தில் இன்னொரு நூலையும் வைத்துக்கொள்ள வேண்டும். 1991இல் முதலில் வந்த டெய்ஸ், சைகர் இருவரின் தாவர உடற்றொழிலியல் நூல் அந்த இடத்தை நிரப்பும்.

படங்களையும் பாருங்கள். எங்கள் பாடசாலைகளில் உள்ளது ஒளி நுணுக்குக்காட்டி. வெங்காய மேற்றோலும் றியோ இலையும் அதில் அழகாகத் தெரியும். இழைமணியின் உள்மடிப்பு தெரியாது. ஆகவே வரைபடத்துக்குப் பக்கத்தில் உண்மையான இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படமும், அதில் அளவுக்கோடும் இருக்க வேண்டும். வண்ணப் படம் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை, உண்மைப் படத்தில் இழைமணியை அடையாளம் காணச் சிரமப்படும்.

கடைசிச் சோதனையை நானே பிள்ளைகளுக்குச் செய்து பார்ப்பதுண்டு. உயர்தரத்தில் படித்த ஒரு விடயத்தை அந்த ஆங்கில நூலில் இரண்டு பக்கம் வாசிக்கச் சொல்வேன். பிறகு நூலை மூடிவிட்டுத் தோழிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தால் அந்த நூல் அவளுக்கு ஏற்றது. வசனத்துக்கு வசனம் அகராதி தேட வேண்டியிருந்தால், நூல் எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் முதலாம் ஆண்டுக்கு அது பொருந்தாது. இந்தச் சோதனையில் எங்கள் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பக் கைகொடுப்பவை 'கெம்பல் பயோலொஜி'யின் கல அலகும் 'எசென்ஷியல் செல் பயோலொஜி'யும்தான். நீல் கெம்பலின் நூல் 1987இல் தொடங்கியது. அதில் 6ஆம் அத்தியாயம் முதல் 12ஆம் அத்தியாயம் வரை கலத்துக்கு உரியது. உயர்தரத்திலிருந்து மேலே ஏற அது நல்ல படிக்கட்டு.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2022இல் ரூபாய் சரிந்து, ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது இறக்குமதி நூல்கள் எங்கள் கைக்கு எட்டாமற் போயின. அப்போதும் இப்போதும் நான் சொல்வது, புதிய பதிப்புக்காகக் காத்திராதே என்பதே. மென்சவ்வின் அமைப்பு, இழையுருப்பிரிவு, கலவன்கூடு, புரதம் போகும் பாதை ஆகியவற்றின் அடிப்படைகள் இருபது ஆண்டுப் பழைய பதிப்பிலும் பெரும்பாலும் செல்லும். பரம்பரையலகைத் திருத்தும் கிறிஸ்பர் முறை, உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டி தந்த புரதக் கட்டமைப்புகள், கலத்துக்குள் மென்சவ்வில்லாமல் திரளும் துளிகள் போன்றவற்றுக்குத்தான் புதிய பதிப்பு வேண்டும். கொழும்பில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். வாங்குமுன் சுட்டியும் சொல்லகராதியும் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படி இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகத்தின் இணைய நூலடுக்கில் அல்பேட்ஸின் 4ஆம் பதிப்பு, லோடிஷின் 4ஆம் பதிப்பு, கூப்பரின் 2ஆம் பதிப்பு மூன்றும் இருக்கின்றன. ஒரு சொல்லைத் தேடி அந்தப் பகுதிக்குப் போய் வாசிக்கலாம். முதலிலிருந்து பக்கம் புரட்ட முடியாது. உசாத்துணைக்கு அது போதும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் உயிரியல் நூலை முழுமையாக இறக்கிக்கொள்ளலாம். சிக்னல் கிடைக்காத லயத்துப் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

ஆகவே என் முடிவு இது. படிப்பதற்கு ஒரு நூல், உசாவுவதற்கு ஒரு நூல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். படிப்பதற்கு, முதலாம் ஆண்டில் 'எசென்ஷியல் செல் பயோலொஜி'யின் ஏதாவது ஒரு பதிப்பைச் சொந்தமாக வாங்குங்கள். உசாவுவதற்கு அல்பேட்ஸின் பெரிய நூல். அதை ஆளுக்கொன்றாக வாங்கத் தேவையில்லை, நூலகத்தில் ஒன்று இருந்தால் போதும். மருத்துவத்துக்குப் போகிறவர்கள் கூப்பரையும், ஆராய்ச்சியில் ஆசையுள்ளவர்கள் லோடிஷையோ கார்ப்பையோ இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் வலப்பனையிலும் படித்து இன்று வைத்தியர்களாகவும் விரிவுரையாளர்களாகவும் வெளிநாட்டில் ஆய்வாளர்களாகவும் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் படித்து முடித்த கலவியல் நூல் உங்கள் வீட்டு இறாக்கையில் இருந்தால், உயர்தர உயிரியல் வகுப்பு நடக்கும் உங்கள் பழைய பாடசாலையின் நூலகத்துக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். பழைய பதிப்பானாலும் பரவாயில்லை. ஓரங்களில் நீங்கள் எழுதிய குறிப்புகளையும் அழிக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் அவற்றையும் படிப்பார்கள்.