திருமயம்: ஒரு பாறை, இரண்டு கருவறைகள்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருமயம். விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887-இல் பிறந்த ஊர். பேருந்தில் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது 1687-இல் இராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. பலரும் சாலையோரக் கோட்டை பைரவரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். கோட்டை நிற்கும் மலையின் தென்சரிவுக்கும் அவர்கள் வரவேண்டும். சிவனுக்கும் திருமாலுக்கும் ஒரே பாறையைக் குடைந்த இரண்டு குடைவரைகள் அங்கேதான் அருகருகே இருக்கின்றன.

சிவன் குடைவரையில் சத்தியகிரீசுவரர் கருவறை சிறிய சதுர அறை. லிங்கத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து நிறுத்தவில்லை. சுற்றியிருந்த கல்லை வெட்டி எடுத்துக்கொண்டே போய், வெட்டாமல் விட்டதுதான் லிங்கமும் ஆவுடையாரும். உளி ஓரிடத்தில் தவறியிருந்தாலும் மாற்றுக் கல் கிடையாது. பாறைக்கும் இறைவனுக்கும் நடுவே ஓர் இணைப்புக்கோடுகூட இல்லை. கருவறை என்ற பெயர் இங்கே முழுதாகப் பொருந்துகிறது. மேலே தனியாக விமானம் தேவைப்படவில்லை, மலையே விமானம். எதிர்ச்சுவரில் நெருப்புத்தூணைப் பிளந்துகொண்டு சிவன் வெளிப்படும் பெரிய லிங்கோத்பவர் சிற்பம். உருவமில்லாத லிங்கமும் அதிலிருந்து எழும் உருவமும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பாருங்கள். அந்தச் சிற்பியின் சிந்தனை புரியும்.

பெருமாள் குடைவரையின் கணக்கே வேறு. பள்ளிகொண்ட திருமேனிக்குச் சதுர அறை போதாது. பாறையை அகலவாக்கில் குடைந்திருக்கிறார்கள். பின்சுவர் முழுக்கத் தேவர்களும் முனிவர்களும். மது, கைடபர் என்ற அசுரர்கள் தாக்க வருகிறார்கள். பெருமாளின் உறக்கம் கலையாதபடி ஆதிசேஷனே விஷக்கனல் உமிழ்ந்து அவர்களை விரட்டுகிறான். அரவணைமேல் கிடக்கும் பெருமாளை எத்தனையோ கோயில்களில் சேவிக்கலாம். நடந்துகொண்டிருக்கும் போரையும் சேர்த்துக் காட்டும் கருவறைகள் அபூர்வம். திருமங்கையாழ்வார் பாடிய இத்தலம் 108 திவ்விய தேசங்களில் ஒன்று.

கோட்டைக்குள் மலையேறும் வழியில் மூன்றாவதாக ஒரு குடைவரையும் உண்டு. மண்டபம் ஏதுமில்லாமல், செங்குத்துப் பாறையில் லிங்கத்தோடு ஒரு சிற்றறை மட்டும். இரும்பு ஏணியில் ஏறித்தான் பார்க்க முடியும்.

கீழே இருக்கும் இரண்டு கோயில்களுக்கும் நடுவே பழைய வழக்கு ஒன்று இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் போசளத் தளபதி அப்பண்ண தண்டநாயகர் முன்னிலையில் அதைத் தீர்த்துக்கொண்டதைக் கல்வெட்டு சொல்கிறது. இன்றும் குறுக்கே மதில் நிற்கிறது. சிவனைக் கும்பிட்டவர் வெளியே வந்து, அடுத்த வாசல் வழியாகத்தான் பெருமாளைச் சேவிக்கப் போகவேண்டும்.