திருமலைத் துறையில் ஒரு யப்பானியக் கிண்ணம்

திருகோணமலைக்குச் செல்வோர் முதலிற் கோணேசப் பெருமானைத் தரிசிப்பர். பின்னர் சுவாமி மலையின் விளிம்பில் நின்று ஆழ்கடலைக் காண்பர். அப்பால் உலகப் புகழ் வாய்ந்த இயற்கைத் துறைமுகத்தைப் பார்த்து வியப்பர். நானும் அவ்வாறே சென்றேன். ஆயினும், அப்பயணத்தில் என் நெஞ்சை விட்டகலாது நிற்பது கோவிலுமன்று, கடலுமன்று. துறைமுகத்தை அடுத்த ஒரு பழைய வீட்டிற் கண்ட சிறு தேநீர்க் கிண்ணமே.

அவ்வீட்டு ஆச்சி தொண்ணூறு வயதைக் கடந்தவர். கண்ணாடி அலுமாரியைத் திறந்து அவர் எடுத்துக் காட்டிய கிண்ணம் தந்த நிறத்தது. அதன் மேனியெங்கும் பொற்கோடுகளும் செவ்வந்திப் பூக்களும் தீட்டப்பெற்றிருந்தன. விளிம்பு தொடங்கி அடிவரை கரிய வடுவொன்று ஓடியது.

"யுத்தத்துக்கு முன்னம் ஐயா வாங்கினவர், தம்பி" என்றார் ஆச்சி. 1930களில் யப்பானியப் பண்டங்கள் இலங்கைக் கடைகளில் மலிந்திருந்தன அல்லவா!

அது சத்சுமாப் பாணியில் அமைந்த கிண்ணம். அப்பாணியின் பிறப்பே போரினால் விளைந்தது. 1592 முதல் 1598 வரை யப்பானின் அதிபதி தொயோத்தோமி ஹிதெயோஷி கொரியாமீது படை நடத்தினார். மீண்ட படைகள் கொரியக் குயவர் பலரைச் சிறைகொண்டு சென்றன. சத்சுமா, ஹாகி, அரித்தா முதலிய இடங்களின் சூளைகள் அக்குயவரின் கைத்திறனால் எழுந்தவை.

யப்பானியர் தேநீர் அருந்துவதையே ஒரு சடங்காகப் போற்றுவர். அச்சடங்கின் பேராசான் சென் நோ ரிக்கியூ, எளிமையையே அழகெனக் கொண்டார். அவர் விரும்பியவை, சோஜிரோ என்னும் கலைஞர் சக்கரமின்றிக் கையாலேயே வனைந்த 'ராக்கு' கிண்ணங்கள். பொன்னும் பூவுமாய்ப் பொலியும் சத்சுமா பிற்காலத்தது. 1867ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் மேனாட்டாரின் கண்ணைக் கவர்ந்தது.

இக்கிண்ணம் உடைந்த கதையைக் கேளுங்கள். 1942 ஏப்ரில் 5இல் கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கப்பற்படை, 9ஆம் திகதி காலையில் திருமலைக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. எண்ணெய்த் தாங்கியொன்று பற்றியெரிந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. நகரை விட்டோடிய குடும்பங்களுள் ஆச்சியின் குடும்பமும் ஒன்று. சேலைக்குட் பொதிந்து எடுத்துச் சென்ற கிண்ணம் மாட்டுவண்டியின் குலுக்கலில் இரண்டாயிற்று.

"யப்பான்காரன் செய்ததை யப்பான்காரனே உடைத்தான் என்று ஐயா சிரிப்பார். ஆனால் எறியவில்லை. அரக்கை உருக்கி ஒட்டி வைத்தார்."

1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோ மகாநாட்டில் இலங்கையின் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்த்தனா, விமானத் தாக்குதலால் நேர்ந்த சேதத்தைக் குறிப்பிட்டு, அதற்கு நட்டஈடு கேட்க நமக்கு உரிமை உண்டெனினும் கேட்கப் போவதில்லை என்றார். புத்தர் பெருமானின் அறவுரையை அதற்குச் சான்றாகக் காட்டினார். அவ்வுரை பேசப்படுமுன்பே, பெயரறியாத் துறைமுகத் தொழிலாளி ஒருவர் தம் வீட்டில் அரக்கால் அதனைச் செய்துவிட்டார் என எண்ணினேன்.

இவ்வூர் உடைவுகளை அறியாததன்று. பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்து அதன் கற்களாற் கோட்டை எழுப்பினர். 1950இல் கிணறு தோண்டியபோது பழைய திருவுருவங்கள் வெளிப்பட்டன. 1963இல் புதிய கோவிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. 2009இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரின் வடுக்களோ இன்னும் ஆறவில்லை.

யப்பானில் உடைந்த கிண்ணத்தை 'உருஷி' என்னும் மரப்பாலால் ஒட்டி, ஒட்டின்மேற் பொற்பொடி தூவும் 'கின்சுகி' என்னும் கலை உண்டு. அதனை ஆச்சியிடம் கூறி, இவ்வடுவுக்கும் பொன் பூசலாமே என்றேன்.

ஆச்சி சிறிது நேரம் கிண்ணத்தையே நோக்கியிருந்தார்.

"பொன் வேண்டாம், தம்பி. உடைந்ததும் தெரியட்டும், ஐயா ஒட்டினதும் தெரியட்டும்."

கிண்ணம் மீண்டும் அலுமாரிக்குட் சென்றது. உள்ளேயிருந்து பேர்த்தி எங்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாள்.